ஓச்சியோவைப் போட்டிக்குக் கொண்டுபோனேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஓச்சியோ என் மீன் இல்லை. கத்சுமியின் மீன். என் வீட்டுப் பின்பக்கக் குளத்தில் நாலு வருஷமாக இருந்தது. தீனி போட்டது நான், வடிகட்டியைக் கழுவியது நான், பனிக்காலத்தில் மேலே கூரை கட்டியது நான். ஆனாலும் மீன் அவனுடையது. அவனைக் கேட்காமல் அதைப் போட்டிக்குக் கொண்டுபோனவனும் நான்தான். வேறு யார் தலையிலாவது இந்தப் பழியைப் போடலாமா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆள் அகப்படவில்லை.

கத்சுமியும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவன் தபால்காரனாகக் காலம் தள்ளினான், நான் குழாய் வேலைக்காரனாக. எங்கள் நீகாத்தா மாகாணத்துப் பக்கத்தில் நெல்லை விட்டால் கோய் என்கிற அழகு மீன்தான். பண்ணைக்காரர்கள் கோடையில் குஞ்சுகளைக் கொட்டிப் பொறுக்குவார்கள். நூற்றில் ஒன்றிரண்டு தேறும், மிச்சமெல்லாம் கழிவு. ஒரு வருஷம் கத்சுமி அந்தப் பொறுக்கு வேலைக்குக் கூலிக்குப் போனவன், கழிவு வாளியிலிருந்து விரல் நீளத்தில் ஒரு குஞ்சைக் கேட்டு வாங்கி வந்தான். உடம்பு வெள்ளை, முதுகில் சிவப்பு எதையோ சிந்திவிட்டுத் துடைக்க மறந்த மாதிரி இருந்தது.

"டேய், இதைப் போயா கேட்டு வாங்கிட்டு வந்தே? பூனைக்குப் போடு" என்றேன்.

"பொறுத்துப் பாருடா குழாய்க்காரா" என்றான்.

பொறுத்துப் பார்த்தோம். ஐந்தாம் வருஷம் அந்தச் சிவப்பு தெளிந்து, தலையிலிருந்து வால் வரைக்கும் நாலு துண்டாக, ஒன்றுக்கொன்று அளவெடுத்து வைத்ததுபோல் நின்றது. அதற்கு ஓச்சியோ என்று பழைய காலத்துப் பெண்பிள்ளைப் பெயர் வைத்திருந்தான். எல்லோரும் போட்டிக்குக் கொண்டுபோ என்றார்கள். "அடுத்த வருஷம், இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏறட்டும்" என்பான். அடுத்த வருஷமும் அதையேதான் சொல்வான். அப்படித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவனை ஒரு நாள் பக்கவாதம் தள்ளிவிட்டது. இடது கை போயிற்று. பெண்டாட்டி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போனான். வீட்டை வாங்கியவன் முதல் வேலையாகக் குளத்தில் மண்ணைக் கொட்டி கார் நிறுத்த இடம் பண்ணிக்கொண்டான். மற்ற மீன்களையெல்லாம் கொடுத்துவிட்டு ஓச்சியோவை மட்டும் என்னிடம் விட்டான்.

"உன் குளம்னா பயமில்லை" என்றான்.

என் குளத்தைப் பற்றி நான் கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் வேண்டும். ஓய்வு பெற்ற கையோடு நானே தோண்டியது. இருபத்தைந்து டன் தண்ணீர், ஆள் ஆழம், தரை நாலு பக்கமும் நடுவை நோக்கிச் சரிவு, நடுவில் அடிவடிகால். அழுக்கு தானாக அங்கே போய்ச் சேரும், அங்கிருந்து நாலு அறை வடிகட்டிக்குப் போகும். தூரிகை ஓர் அறை, பாய் ஓர் அறை, சிப்பி ஓர் அறை, கடைசியில் மோட்டார். மிச்சத் தண்ணீர் வேலி ஓரமாக வழிந்து வாய்க்காலில் விழும். குழாயின் ஒவ்வொரு முழங்கை வளைவும் நான் கணக்குப் போட்டு வைத்தது. என் மனைவி நோபுயோ மட்டும் ஒருநாளும் பாராட்டியதில்லை.

"அந்த இடத்துல முள்ளங்கி போட்டிருந்தா வருஷம் முழுக்க ஊறுகாய் ஆகியிருக்கும். மீனை வளத்து என்னங்க பண்றது, குழம்பா வைக்க முடியும்?" என்பாள். சொல்லிவிட்டு, நான் இல்லாதபோது அவளே போய்த் தீனி போடுவாள். என் சொந்த மீன் பதினாலு. அத்தனைக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள், என்னிடம் சொன்னதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு, கத்சுமி டாக்ஸியில் வருவான். குளக்கரையில் மர ஸ்டூல் போட்டு உட்காருவான். அவன் நிழல் தண்ணீரில் விழுந்ததும் ஓச்சியோ வந்துவிடும். நாலு வருஷமாகத் தீனி போடுகிற என்னிடம் அந்த உரிமையோடு வந்ததில்லை. எனக்கு அது எரிச்சல்தான். நோபுயோ சோற்று உருண்டை வைப்பாள், மூவரும் சாப்பிடுவோம், அவன் என் வடிகட்டியில் குறை கண்டுபிடிப்பான், நான் அவன் தபால்கார மூளையைத் திட்டுவேன். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் இல்லத்தை விட்டு அவன் வெளியே வருவது.

இந்தக் கோடையில் அவனுக்கு இதயம் இரண்டு தடவை மக்கர் பண்ணியது. ஆகஸ்டு மாதம் வந்தபோது முகமெல்லாம் மெழுகு. ஓச்சியோவைப் பார்த்துக்கொண்டே, "போட்டிக்கு அனுப்பாமலே விட்டுட்டேன் பாரு. கழிவு வாளியில கிடந்தவள்னு ஊருக்குக் காட்டியிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அனுப்பு என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு மண்டைக்குள் அன்றைக்கே பூச்சி புகுந்துவிட்டது.

அக்டோபர் கடைசி ஞாயிறு பக்கத்து ஊரில் வட்டாரப் போட்டி. கத்சுமி பெயரிலேயே சீட்டு எழுதிக் கொடுத்தேன். நோபுயோ கேட்டாள், "அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா அடுத்த வருஷம்பான். அவனுக்கு எத்தனை அடுத்த வருஷம் இருக்கு?"

"அவரு மீனுங்க."

"பரிசோட போய் நிக்கறேன், அப்ப என்ன சொல்றான்னு பாப்போம்" என்றேன். என்னமோ நான் பெரிய தீர்க்கதரிசி.

எங்கள் பக்கத்துப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே இனம், ஒரே அளவு மீன்களையெல்லாம் ஒரே நீலத் தொட்டியில் விடுவார்கள். யார் வீட்டு மீன் என்று பார்ப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் நீந்தினால்தான் நடுவருக்கு எது உசத்தி என்று கண்ணுக்குத் தெரியும். வெளிநாட்டில் ஆளுக்கொரு தொட்டி வைக்கிறார்களாம். எங்களுக்கு அது கேவலமாகப் படும். அடுத்தவன் மீனோடு தன் மீனை விட மாட்டேன் என்று சொன்னால், உன் மீனுக்குச் சீக்கு என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிற மாதிரி. அன்றைக்கு ஓச்சியோவோடு தொட்டியில் எட்டு மீன். எல்லாம் வெள்ளையில் சிவப்பு, எல்லாம் எழுபது சென்டிமீட்டருக்கு மேல். நான் மூன்று மணி நேரம் அந்தத் தொட்டியை விட்டு நகரவில்லை. ஓச்சியோவுக்கு அந்த அளவில் இரண்டாம் பரிசு கிடைத்தது. வாழ்க்கையில் நான் இரண்டு தடவைதான் பொது இடத்தில் அழுதிருக்கிறேன், அது இரண்டாவது.

இனி வருவதுதான் நான் செய்த வேலை.

போட்டிக்குப் போய் வந்த மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில், வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும், நோய் ஒட்டியிருந்தால் அந்தச் சூட்டில் வெளியே தெரிந்துவிடும். இது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விதி. புது மீன் வாங்கினால் நாங்கள் யாரும் அதில் தவறுவதில்லை. ஆனால் சொந்த மீன் திரும்பி வந்தால்? என் வீட்டிலேயே வளர்ந்தது, ஒரு பகல் வெளியே போய்விட்டு வந்திருக்கிறது, அதைப் போய் அன்னியன் மாதிரிக் கொட்டகையில் வைப்பதா என்று மனசு கேட்கும். இங்கே பாதிப்பேர் அப்படித்தான் குளத்திலேயே விடுகிறார்கள், வெளியே சொல்லிக்கொள்வதில்லை. நான் விதிப்படி கொட்டகைத் தொட்டியில்தான் வைத்தேன், ஆனால் ஐந்தே நாள். தொட்டி சின்னது. ஓச்சியோ மூக்கைச் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. தீனி தின்றது, செதில் பளிச்சென்று இருந்தது, ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கத்சுமி வருகிறான். பரிசு வாங்கின மீனை அவன் கொட்டகை இருட்டில் எட்டிப் பார்ப்பதா? சனிக்கிழமை காலை தூக்கிக் குளத்தில் விட்டேன்.

ஞாயிறு கத்சுமி வந்தான். ஸ்டூலில் உட்கார வைத்துக் கேடயத்தையும் ஓச்சியோவின் போட்டோவையும் மடியில் வைத்தேன். வெகுநேரம் படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் போலக் கேடயத்தில் இருந்த தன் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

"என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போனியா?"

"ஆமாண்டா. அடிக்கணும்னா அடி."

"ரெண்டாவதா?" என்றான்.

"ரெண்டாவது."

"நடுவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இவளுக்கு ரெண்டாவதா? எந்த ஊர்க்காரன்டா அவன்?"

சொல்லிவிட்டு அழுதான். நோபுயோ தேநீர்த் தட்டோடு பாதி வழியில் நின்றுவிட்டாள். அன்றைக்கு ஓச்சியோ அவன் விரலைச் சப்பிச் சப்பித் தீனி தின்றது. போகும்போது போட்டோவைக் கோட்டுப் பைக்குள் வைத்து, பையைக் கையால் மூடிக்கொண்டே டாக்ஸி ஏறினான். நான் உலகத்திலேயே நல்ல காரியம் செய்தவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாகாண மீன்வள ஆய்வு நிலையத்திலிருந்து போன். ஹிருமா என்று ஒரு பெண். அன்றைக்கு ஓச்சியோவோடு ஒரே தொட்டியில் இருந்த மீன் ஒன்று, வீட்டில் சூடேற்றிய தொட்டிக்குப் போனதும் செவுள் அழுகிச் செத்துவிட்டதாம். கூட இருந்தவையும் வரிசையாகச் சாகின்றனவாம். கோய் மீன்களைக் கூண்டோடு கொண்டுபோகிற அந்த வைரஸ் நோய்தான். பெயரைச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, "அது" என்போம்.

"ஐயா, உங்க மீனைத் தனியாத்தானே வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

மூன்று நாள். இன்னும் மூன்றே மூன்று நாள் கொட்டகையில் விட்டிருந்தால் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியிருப்பேன், என் பதினாலு மீனாவது பிழைத்திருக்கும்.

"குளத்துல" என்றேன்.

அவள் மெதுவாக, "உங்க குளத்துத் தண்ணி எங்க போகுது?" என்றாள்.

அன்று மத்தியானமே வந்துவிட்டாள். என் பேத்தி வயசிருக்கும், முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். கேட்டில் மருந்துத் தண்ணீர்த் தட்டு வைத்து, போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதில் காலை நனைக்க வேண்டும் என்றாள். வாய்க்காலுக்குப் போகிற குழாயை அடைக்கச் சொன்னாள். நான் கணக்குப் போட்டு வைத்த குழாயை நானே சிமெண்டு குழைத்து அடைத்தேன். ஒவ்வொரு மீனிலிருந்தும் செவுளில் துளி கிள்ளி எடுத்துக்கொண்டு போனாள். மூன்று நாளில் முடிவு வந்தது. ஓச்சியோவுக்கு இருக்கிறது. மற்ற பதினாலில் இன்னும் தெரியவில்லை, ஆனால் ஒரே தண்ணீர். பதினைந்தையும் அழிக்க வேண்டும் என்று உத்தரவு.

நான் சண்டை போட்டேன். இல்லையென்று சொல்ல மாட்டேன், அந்தப் பெண்ணிடம் கத்தினேன்.

"வந்து பாரும்மா, எல்லாம் எப்படி நீந்துதுன்னு! ஒண்ணுக்காவது நோய் இருக்கிற மாதிரி தெரியுதா?"

"தண்ணி பதிமூணு டிகிரி ஐயா. இந்தக் குளிர்ல அது தூங்கும். வசந்தத்துல எந்திரிக்கும்."

"தண்ணியைச் சூடாக்கறேன். முப்பது டிகிரி வச்சா பிழைச்சிடும்னு சொல்றாங்களே?"

"சிலது பிழைக்கும். பிழைச்சாலும் உடம்புக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டுமே! என் குளத்தை விட்டு எங்கயும் போகாது. நான் எழுதித் தரேன். இன்னொரு குழாய் போட்டு தண்ணியை வேற பக்கம் திருப்பறேன், எனக்கு அது தெரியாதா?"

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். வாய்க்கால் அங்கிருந்து இறங்கி மனாகாவின் பண்ணைக்குப் போகிறது. அவன் அப்பா காலத்திலிருந்து காப்பாற்றி வருகிற தாய் மீன்கள் அங்கே இருக்கின்றன. "சனி, ஞாயிறு, திங்கள், மூணு நாள் உங்க தண்ணி அங்க போயிருக்கு ஐயா. அங்கயும் பரிசோதனை நடக்குது" என்றாள். அதற்கு மேல் நான் என்ன கத்துவது? மனாகா அந்த வாரம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் குனிந்து வணக்கம் சொன்னான். திட்டியிருந்தால் தேவலாம்.

கடைசியில் ஹிருமா சம்மதக் காகிதத்தை எடுத்தாள், எங்கள் பக்கத்தில் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரைதான். "இந்தப் பதினாலுக்கு நீங்க முத்திரை போடணும். ஓச்சியோ வேற ஒருத்தர் பேர்ல பதிவாகியிருக்கு. அவர் போடணும்."

நான் அல்லவா அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன்! பெருமைக்காக எழுதியது.

இல்லத்துக்குப் போன் பண்ண மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்துவிட்டேன். நோபுயோ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீ சொல்லேன்."

"நான் சொல்ல மாட்டேன். போங்க" என்றாள். என் கோட்டை எடுத்து அவளே மாட்டிவிட்டாள்.

நான் போனபோது கத்சுமி சாப்பாட்டு மேஜையில் நர்ஸ் பெண்ணிடம் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தான். மூலை மடங்கியிருந்தது, அத்தனை பேரிடம் காட்டியிருக்கிறான். "இவன்தான், இவன்தான் அந்தக் குழாய்க்காரன்" என்று என்னைக் கையால் காட்டினான். நர்ஸ் சிரித்துக்கொண்டே போனாள். நான் எத்தனையோ வார்த்தை தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். கடைசியில் காகிதத்தை மட்டும் அவன் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். தபால்காரன், மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்தான். முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"தனித் தொட்டியில எத்தனை நாள் வச்சே?"

"அஞ்சு நாள்."

"மூணு வாரம்டா."

"தெரியும்டா. நீ ஞாயித்துக்கிழமை வருவே, குளத்துல பாக்கணும்னு..."

"அப்போ என்னாலதானா?" என்றான்.

"இல்லடா! ஐயோ, அப்படிச் சொல்லாதே. நான்தாண்டா. எல்லாம் நான்தான். போட்டிக்குக் கொண்டுபோனதும் நான், குளத்துல விட்டதும் நான்."

"நான் ஆகஸ்டுல வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றான். நான் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. என்னைத் திட்ட அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் என்னை அடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

சட்டைப் பையிலிருந்து பெயர் முத்திரையை எடுத்தான். இடது கையால் காகிதத்தைப் பிடிக்க முடியவில்லை, அது நழுவிக்கொண்டே இருந்தது. முத்திரை இரண்டு தடவை மேஜையில் பட்டு உருண்டது. பிறகு அதை என் பக்கம் தள்ளினான்.

"நீயே போடு. கோணலா விழுந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

சிவப்பு மையில் தோய்த்து, அவன் பெயரை நான் அழுத்தினேன். நேராக விழுந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹிருமாவும் வெள்ளை அங்கி போட்ட இரண்டு ஆட்களும் வந்தார்கள். கத்சுமியை வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். எட்டே முக்காலுக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். நோபுயோ உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். புல் மேல் பெரிய தொட்டி, அதில் மயக்க மருந்து கலந்த தண்ணீர். அதில் விட்டால் மெல்ல மெல்லத் தூங்கும், பிறகு எழுந்திருக்காது, வலி இருக்காது என்று ஹிருமா எங்களிடம் சொன்னாள். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பாவம்.

ஹிருமா அனுப்பிய டேங்கரில் இறைத்து, தண்ணீரை அரை ஆள் மட்டத்துக்கு இறக்கியிருந்தேன். அந்த ஆட்களுக்குப் பெரிய மீனைத் தூக்கிப் பழக்கமில்லை. கோய் வளர்க்கிறவன் எவனும் பெரிய மீனை வலையில் அள்ளித் தூக்க மாட்டான். வலையால் வழிகாட்டி, மிதக்கிற தொட்டிக்குள் ஓட்டி, தண்ணீரோடுதான் எடுப்பான். இவர்கள் முதல் மீனை வலையில் வாரி அப்படியே தூக்கினார்கள். அது துள்ளியது. வலை உரசி, செதில் நாலைந்து புல்லில் தெறித்தது.

"செதில்! டேய், செதில் போகுதுடா!" என்று கத்சுமி ஸ்டூலிலிருந்து எழுந்து கத்தினான். "மெதுவா! எங்கடா கத்துக்கிட்டீங்க?"

அந்த ஆள் அப்படியே நின்றுவிட்டான். ஹிருமாவும் நின்றுவிட்டாள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் சாகப்போகிற மீனுக்குச் செதில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கத்சுமிக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கத்தினான். அந்த மீன் மருந்துத் தொட்டிக்குள் போனதும், ஆள் கையிலிருந்து வலையை வாங்கினேன்.

"நான் பண்றேன்" என்றேன்.

ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். என் மீதிப் பதிமூன்றையும் ஒவ்வொன்றாக, போட்டிக்கு எடுத்துப் போகிற மாதிரி, மிதக்கிற தொட்டிக்குள் ஓட்டித் தண்ணீரோடு கொடுத்தேன். குளிரில் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. ஓச்சியோ கடைசி வரை நடு வடிகால் மேலேயே நின்றது, என் பக்கம் வரவில்லை. நான் வலையை நகர்த்தினால் நழுவிப் போய்விடும்.

கத்சுமி கரையோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டான். குனிந்து உட்கார்ந்தான். தண்ணீரில் அவன் நிழல் விழுந்தது. ஓச்சியோ நேராக அவனிடம் போயிற்று. அவனிடம் தீனி இல்லை. விரலை நீட்டினான், அதைச் சப்பியது.

"இப்ப" என்றான் என்னிடம். "பின்னால இருந்து வா. இடது துடுப்பு பத்திரம்."

பின்னால் போய்த் தொட்டியைச் சாய்த்தேன். விரலைச் சப்பிக்கொண்டே உள்ளே வந்தது. ஒரு செதில்கூடப் போகவில்லை. நானும் ஹிருமாவும் சேர்ந்து தூக்கினோம். மருந்துத் தண்ணீரில் விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, முதுகுச் சிவப்பு நாலும் தண்ணீருக்கு வெளியே தெரிய நின்றுவிட்டது. கத்சுமி கடைசி வரை பார்த்தான். நான் பார்க்கவில்லை. வடிகட்டி மோட்டாரை நிறுத்தப் போகிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அவர்கள் பதினைந்தையும் மூட்டையில் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். ஹிருமா எங்கள் இருவரையும் பார்த்து இடுப்பு மடிய வணங்கினாள், நிமிர வெகுநேரம் ஆயிற்று. குளத்தில் மருந்தைக் கொட்டினார்கள். தண்ணீர் வெளுத்து, நீச்சல் குளம் மாதிரி நாற்றமடித்தது.

டாக்ஸி வந்தது. வழக்கமாக வருகிற அதே ஆள்தான். கத்சுமியைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய், மருந்துத் தட்டில் அவன் காலை ஒவ்வொன்றாக நனைத்து, பின் இருக்கையில் உட்கார வைத்தேன்.

"சாப்பிட்டுட்டுப் போயேண்டா. நோபுயோ சோறு வச்சிருக்கா."

"வயிறு சரியில்லை" என்றான்.

டாக்ஸிக்காரன் திரும்பிப் பார்த்துக் கேட்டான், "அடுத்த மாசம் முதல் ஞாயிறும் பத்து மணிதானேங்க ஐயா?"

கத்சுமி என்னைப் பார்க்கவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்ப்பா" என்றான். "இனிமே எனக்கு இங்க என்ன வேலை?"

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் கத்திச் சண்டை போட்டிருப்பேன், அறுபது வருஷமாகப் போட்ட சண்டைதானே. சாதாரணமாக, தபால் இல்லை என்று வீட்டுக்காரனிடம் சொல்கிற மாதிரிச் சொன்னான். நான் இருக்கிறேனேடா என்று வாயெடுத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று ஒரு நொடி தயங்கினேன். அதற்குள் டாக்ஸிக்காரன் கதவைச் சாத்திவிட்டான்.